காய்ச்சும் உரிமை: ஸ்காட்லாந்து வடிசாலையும் நம்மூர்ச் சாராய வழக்கும்

1

எடின்பரோவில் வேலை பார்க்கும் அக்கா மகன் வீட்டில் சில நாள் தங்கியிருந்தபோது, ஸ்பே ஆற்றங்கரை வடிசாலை ஒன்றுக்கு ஒருநாள் சுற்றுலா வேனில் அவன் என்னை அழைத்துப் போனான். காலையில் கிளம்பினால் ராத்திரி திரும்பிவிடலாம். வழிகாட்டி ஒருவர், டிக்கெட், கடைசியில் ருசி பார்க்க மூன்று சின்னக் கோப்பை, வெளியே வரும் வழியில் கடை. ஸ்காட்லாந்து வடிசாலைகளுக்கு இப்படி ஆண்டுக்கு 20 லட்சத்துக்கும் மேல் பார்வையாளர்கள் வருகிறார்கள். 1969இல் கிளென்ஃபிடிக் கம்பெனி பார்வையாளருக்குக் கதவைத் திறந்துவிட்ட பிறகு இதுவே தனித் தொழிலாகிவிட்டது.

உள்ளே நடப்பதில் மர்மம் ஒன்றுமில்லை. பார்லியை ஊறவைத்து முளைகட்டி உலர்த்துகிறார்கள். அதை அரைத்து வெந்நீரில் கரைத்து இனிப்புச் சாற்றை இறக்கி, ஈஸ்ட் போட்டு, ஆள் உயரத்துக்கு மேலான தொட்டியில் நுரைக்க விடுகிறார்கள். நம்மூரில் ஊறல் என்பது இதைத்தான். பிறகு செப்புப் பானையில் இரண்டு முறை காய்ச்சுகிறார்கள். ஓக் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டு வைத்திருந்தால்தான் சட்டப்படி அது விஸ்கி. பீப்பாயிலிருந்து வருடத்துக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகிப் போவதற்கு 'தேவதைகளின் பங்கு' என்று பேர் வைத்திருக்கிறார்கள்.

நான் அதிக நேரம் நின்று பார்த்தது வேறொரு சாமானை. பித்தளைச் சட்டமும் கண்ணாடியும் கொண்ட பெட்டி. பானையிலிருந்து வடியும் சாராயம் அதன் வழியாகத்தான் ஓட வேண்டும். பார்க்கலாம், தொட முடியாது. பெரிய பூட்டு. 1980கள் வரை அந்தப் பூட்டின் சாவி வரி அதிகாரியிடம் இருந்தது. அரசு தன் கையை வைத்த இடம் அது. இன்று அதைத் துடைத்துப் பளபளப்பாக வைத்துப் படம் எடுக்கச் சொல்கிறார்கள்.

வழிகாட்டி சொன்ன கதைகளில் பாதி கள்ளச்சாராயக் கதை. கார்டோ என்ற பண்ணையில் ஹெலன் கம்மிங் என்றொரு பெண். 1811 வாக்கில் புருஷனோடு சேர்ந்து திருட்டுத்தனமாகக் காய்ச்சியவள். வரி அதிகாரிகள் வந்தால் சாப்பாடு போட்டு உட்காரவைத்துவிட்டு, பின்னால் போய்க் களஞ்சியத்தின் மேல் சிவப்புக் கொடி ஏற்றுவாளாம். அக்கம்பக்கத்துப் பண்ணைகள் உஷாராகிப் பானையை ஒளித்துவிடும். வேனில் வந்தவர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். அக்கா மகன் என் காதருகே, "மாமா, நம்ம ஊர்ல இதுக்குக் குண்டாஸ்ல போடுவாங்கல்ல?" என்றான்.

அவன் விளையாட்டாகக் கேட்ட கேள்வியைத்தான் இந்தக் கட்டுரை வரலாற்றுக் கேள்வியாக எடுத்துக்கொள்கிறது. ஒரே செய்முறை, ஒரே குற்றம். அதுவும் இரண்டு இடத்திலும் ஒரே பிரிட்டிஷ் ஆட்சி சட்டம் போட்டது. ஓரிடத்தில் அது பாரம்பரியமாகவும் இன்னோரிடத்தில் குண்டர் சட்டமாகவும் ஆனது எப்படி?

2

ஸ்காட்லாந்தில் சாராயம் பற்றிய முதல் எழுத்துப் பதிவு 1494ஆம் ஆண்டின் அரசுக் கணக்கில் இருக்கிறது. ஜான் கோர் என்ற துறவிக்குச் சாராயம் வடிக்க முளைகட்டிய தானியம் கொடுத்த கணக்கு அது. 1644இல் முதல் வரி வந்தது. 1707இல் இங்கிலாந்தோடு இணைந்த பிறகு வரி இறுகியது. 1725இல் முளைதானிய வரிக்கு எதிராகக் கிளாஸ்கோவில் கலகம் வெடித்தது. குத்தகை விவசாயிகளுக்குச் சாராயம் காய்ச்சுவது விழாக்கால விஷயமல்ல. மிச்சத் தானியத்தைக் காசாக்கிக் குத்தகை கட்டும் வழி அது. எனவே மலைப்பகுதி முழுக்கக் கள்ளப் பானைகள். 1789இல் வரி அதிகாரி வேலைக்குச் சேர்ந்தவர்களில் ஒருவர் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் என்பதையும் இங்கே சொல்லி வைக்கலாம்.

அரசு முதலில் செய்தது நம் அரசுகள் செய்வதைத்தான். 1814இல் ஹைலேண்ட் பகுதியில் 500 காலனுக்குக் குறைந்த பானையையே தடை செய்தது. பெரிய முதலாளி மட்டும் காய்ச்சட்டும் என்பது இதன் பொருள். எடுபடவில்லை. கடைசியில் 1823ஆம் ஆண்டுச் சட்டம் இறங்கி வந்தது. ஆண்டுக்கு 10 பவுன் உரிமக் கட்டணம், வரியில் பாதிக்கும் மேல் குறைப்பு, 40 காலன் பானை இருந்தாலே உரிமம். 1824இல் கிளென்லிவெட் பள்ளத்தாக்கில் ஜார்ஜ் ஸ்மித் உரிமம் வாங்கினார். அதே ஆண்டு கம்மிங் குடும்பமும் வாங்கியது. நேற்றுவரை குற்றவாளிகளாக இருந்தவர்கள் உரிமதாரர்கள் ஆனார்கள். 1893இல் அந்தக் கார்டோ வடிசாலையை ஜானி வாக்கர் கம்பெனி விலைக்கு வாங்கியது.

இதை அரசின் கருணை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பண்ணைப் பிரபுக்களுக்கு ஒழுங்காகக் குத்தகை வர வேண்டியிருந்தது. ஆட்டு மந்தைக்காக மலைக் குடியானவர்கள் நிலத்தைவிட்டுத் துரத்தப்பட்டதும் இதே காலம்தான். சிறு பானைக்காரர்களில் தாக்குப்பிடித்தவர்கள் கொஞ்சம் பேர். இன்று பெரும்பாலான வடிசாலைகள் பன்னாட்டுக் கம்பெனிகள் கையில். ஆனால் ஒன்றை மறுக்க முடியாது. காய்ச்சத் தெரிந்தவன் உரிமம் வாங்குவதற்கான ஒரு கதவை 1823 திறந்துவிட்டது. தொழிலறிவு மண்ணோடும் ஊர்ப் பெயரோடும் ஒட்டி நின்றது. இன்று சுற்றுலா வேனில் விற்கப்படுவது அந்த ஒட்டுதல்தான்.

3

1823இல் சென்னை மாகாணத்தின் கவர்னர் யார்? கிளாஸ்கோவில் பிறந்த தாமஸ் மன்றோ. அவர் காலத்தில் இங்கே சாராயம், கள் விற்கும் உரிமை குத்தகைக்கு விடப்பட்டது. கிராமங்களில் சின்னப் பானைகளில் காய்ச்சினார்கள். கரும்பு வெல்லம், பனைவெல்லம், வெள்வேலம் பட்டை இவைதான் மூலப்பொருள். 'பட்டச் சாராயம்' என்று இன்றும் நாம் சொல்லும் பெயர் அந்தப் பட்டையிலிருந்து வந்ததுதான். கள்ளுக்கு மரவரி தனி.

1870களிலிருந்து நிலைமை மாறுகிறது. கிராமத்துப் பானைகள் மூடப்பட்டு, மத்திய வடிசாலை முறை வருகிறது. ஒரு வட்டாரத்துக்கு ஒரு ஒப்பந்தக் கம்பெனி. அது காய்ச்சிக் கொடுக்கும், கடைக்காரன் விற்பான். 1886ஆம் ஆண்டின் முதல் சட்டமான சென்னை ஆப்காரிச் சட்டம் இதை உறுதிப்படுத்தியது. தென்னார்க்காட்டு நெல்லிக்குப்பத்தில் பாரி கம்பெனியின் சர்க்கரை ஆலையும் வடிசாலையும் வளர்ந்தது இந்த ஏற்பாட்டின் நிழலில்தான். 'குறைந்த குடி, நிறைந்த வருவாய்' என்பது ஆப்காரிக் கொள்கையின் அறிவிக்கப்பட்ட லட்சியம். 1920களில் சென்னை மாகாணத்துக்கு நிலவரிக்கு அடுத்த பெரிய வருவாய் ஆப்காரிதான் என்கிறபோது, எது குறைந்தது எது நிறைந்தது என்பது புரிந்துவிடும்.

ஆக, அங்கே சட்டம் சிறு பானையை உள்ளே சேர்த்தது, இங்கே அதை வெளியே தள்ளியது. காரணம் சாராயத்தின் தரத்தில் இல்லை. ஸ்காட்லாந்துக் குடியானவன், எவ்வளவு நசுக்கப்பட்டாலும், பேரம் பேசப்பட வேண்டிய பிரஜை. காலனியில் வருவாய்தான் முக்கியம். பானைக்காரன் அதற்கு இடைஞ்சல். பம்பாய் மாகாணத்தில் இதை இன்னும் வெளிப்படையாகச் செய்தார்கள். 1892இல் இலுப்பை இனத்தைச் சேர்ந்த மஹுவா பூவைச் சேகரிப்பதையே கட்டுப்படுத்தச் சட்டம் போட்டார்கள். ஆதிவாசியின் சோறும் அதுதான், சாராயமும் அதுதான்.

தேசிய இயக்கம் இந்த இடத்தில் கேள்வியை மாற்றிப் போட்டது. 1921இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல் நடந்தது. பெரியார் தன் தோப்புத் தென்னைகளை வெட்டிச் சாய்த்தார். 1937 அக்டோபர் 1இல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். இழந்த வருவாயை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி வந்தது. 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுக்க மதுவிலக்கு. குடிக்கலாமா கூடாதா என்பதே விவாதமாயிற்று. யார் காய்ச்சுவது என்ற கேள்வி புதைந்துபோனது. பெரியாரே பின்னாளில் மதுவிலக்கை எதிர்த்துப் பேசினார் என்பதை நம்மவர்கள் வசதியாக மறந்துவிடுவதும் இதன் தொடர்ச்சிதான்.

பிறகு நடந்தவை: 1971இல் கடைகள் திறப்பு. 1974இல் மூடல். 1981இல் மறுபடி திறப்பு. 1983இல் டாஸ்மாக் நிறுவனம். 1987இல் கள், சாராயம் இரண்டுக்கும் தடை. 1990இல் மலிவு விலை மது, 1991இல் அதுவும் ரத்து. 2003இல் சில்லறை விற்பனையும் டாஸ்மாக் கையில். இந்தக் கண்ணாமூச்சியில் ஒன்றைக் கவனியுங்கள். 1987க்குப் பிறகு கீழே நின்றது கள்ளும் நாட்டுச் சாராயமும். மேலே நின்றது 'இந்தியத் தயாரிப்பு அயல்நாட்டு மது' என்ற விசித்திரப் பெயர் கொண்ட சரக்கு. இன்னும் வேடிக்கை, டாஸ்மாக் விற்பது 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின் கீழ்தான். 2023-24இல் அதன்மூலம் அரசுக்கு வந்த வருவாய் 45,855 கோடி ரூபாய்.

4

இனி நம் பகுதிக்கு வருவோம். பெரம்பலூர் 1995இலும் அரியலூர் கடைசியாக 2007இலும் தனி மாவட்டங்களாயின. எறையூரில் அரசுத்துறைச் சர்க்கரை ஆலை, கீழப்பழுவூர்ப் பக்கம் சாத்தமங்கலத்தில் தனியார் ஆலை. கரும்பு வெட்டுகிறவர்களில் பெரும்பகுதி தலித்துகளும் நிலமற்றவர்களும். சாறு பிழிந்து சர்க்கரை எடுத்த பின் மிஞ்சும் கழிவுப்பாகுதான் சரக்கின் தாய். அது ஆலையைவிட்டு வெளியே நகரவே பெர்மிட் வேண்டும். டேங்கர் லாரியில் போகும் பாகு வேறெங்கோ எரிசாராயமாகி, வாசனையும் நிறமும் சேர்ந்து, வெள்ளைக்காரப் பேரோடு குவார்ட்டர் பாட்டிலாக நம்மூர்க் கடைக்கே திரும்பி வருகிறது. வெட்டினவன் ஒருநாள் கூலியில் பெரும்பகுதியை அதற்கே கொடுக்கிறான். கழிவுப்பாகில் செய்ததை விஸ்கி என்று ஐரோப்பாவில் விற்க முடியாது. இங்கே விற்கலாம்.

அந்தப் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். எறையூர் என்றோ சாத்தமங்கலம் என்றோ ஒரு எழுத்து இருக்காது. ஸ்காட்லாந்துக்காரனுக்கு ஊர்ப் பெயரே சொத்து. 'ஸ்காட்ச்' என்ற சொல்லுக்கு இந்தியாவிலும் புவிசார் குறியீட்டுப் பாதுகாப்பு இருக்கிறது. 2022இல் ஸ்காட்ச் பாட்டில்கள் எண்ணிக்கையில் அதிகம் போன நாடு இந்தியா, 21.9 கோடி பாட்டில். 2025 ஜூலையில் கையெழுத்தான பிரிட்டன் ஒப்பந்தம் அதன்மீதான 150 சதவீதச் சுங்கத்தை 75க்கும் பத்தாண்டில் 40க்கும் இறக்கச் சொல்கிறது.

ஆண்டிமடம், ஜெயங்கொண்டம், செந்துறைப் பக்கம் முந்திரிக் காடு. கொட்டையை எடுத்துக்கொண்டு பழத்தைப் பெரும்பாலும் கொட்டிவிடுகிறோம். கோவாவில் அதே பழத்திலிருந்து வடிக்கும் ஃபெனிக்கு 2009இல் புவிசார் குறியீடு. வடிக்குமிடத்துக்கு அங்கேயும் சுற்றுலா அழைத்துப் போகிறார்கள். இங்கே அந்தப் பழத்தில் ஊறல் போட்டால் மதுவிலக்குப் பிரிவு வந்து பானையை உடைக்கும். எனக்குத் தெரிந்த ஒரு கிழவி, புருஷன் செத்தபின் இரண்டு மகள்களை இப்படித்தான் வளர்த்தாள். "காய்ச்சாத மாசத்துலயும் வந்து இழுத்துக்கிட்டுப் போவாங்கப்பா, கேஸ் கணக்கு கொறையுதாம்" என்பாள். ஹெலன் கம்மிங்கின் சிவப்புக் கொடிக்குக் கைதட்டல். இவளுக்கு எஃப்ஐஆர். 1982ஆம் ஆண்டின் 14ஆம் சட்டத்தைக் குண்டர் சட்டம் என்கிறோம். அதன் முழுப் பெயரில் குண்டர்கள் முதலில் வருவதில்லை, கள்ளச்சாராயக்காரர்தான் முதலில் வருகிறார். விசாரணை இல்லாமல் ஓராண்டு உள்ளே வைக்கலாம்.

5

"அப்ப ஊருக்கு ஊர் காய்ச்ச விடணுமா?" என்று தோழர்கள் கோபப்படலாம். கேள்வி நியாயமானது. 1992இல் நெல்லூர் மாவட்டத்துப் பெண்கள் சாராயத்துக்கு எதிராக எழுந்ததையும், தமிழ்நாடு முழுக்கப் பெண்கள் டாஸ்மாக் கடையை அடித்து நொறுக்கியதையும் வாங்கிக்கட்டிக்கொண்ட அடிகளோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். குடியால் சிதைந்த வீட்டைப் பார்த்தவன் யாரும் சாராயத்தைப் பற்றிக் கவிதை பாட மாட்டான். 2015 ஜூலையில் சசிபெருமாள் போராட்டக் களத்தில் செத்தார். அதே ஆண்டு அக்டோபரில் டாஸ்மாக்கை எதிர்த்துப் பாடிய கோவன் திருச்சியில் தேசத்துரோக வழக்கில் கைதானார். கடையை மூடு என்பவனும் குற்றவாளி, கடைக்கு வெளியே காய்ச்சுகிறவளும் குற்றவாளி என்றால், அரசு காப்பாற்றுவது குடிமக்களின் உடம்பையா, தன் ஏகபோகத்தையா?

2024 ஜூனில் பக்கத்து மாவட்டமான கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்தில் 65 பேருக்கு மேல் செத்தார்கள். பெரும்பாலும் கூலிகள், தலித்துகள் பலர். டாஸ்மாக் குவார்ட்டரின் விலையில் பாதிக்கும் குறைவாகக் கிடைத்த பாக்கெட்டைக் குடித்தவர்கள். அவர்களைக் கொன்றது வெல்லமும் வேலம்பட்டையும் போட்ட ஊறல் அல்ல. தொழிற்சாலைகள் பயன்படுத்தும் மெத்தனால். வடிக்கும் அறிவை ஊரிலிருந்து துடைத்தெடுத்த பிறகு, அந்த இடத்தில் ரசாயன டிரம் வந்து உட்கார்ந்தது. பழைய காய்ச்சுக்காரன் முதலில் வடிவதைத் தனியே ஒதுக்கிக் கொட்டுவான். பாக்கெட் விற்கிறவனுக்கு டிரம்மில் இருப்பது என்னவென்றே தெரியாது. சட்டமன்றம் அந்த மாத முடிவிலேயே ஆயுள் தண்டனை வரை சட்டத்தைத் திருத்தியது. 1814இன் புத்திதான் இதுவும்.

எனவே நாம் கேட்க வேண்டியது இன்னொரு முழுமதுவிலக்கு அறிக்கையோ இன்னும் நாலு கடையோ இல்லை. சாராய வழக்கைக் குண்டர் சட்டத்திலிருந்து எடு. மெத்தனால் டிரம் கிளம்பும் கம்பெனி வாசலில் கணக்கு எடு. முந்திரிப் பழத்துக்கும் பனைக்கும் கோவாவிலும் கேரளத்திலும் இருக்கும் சட்டபூர்வ வழி இங்கே ஏன் இல்லை என்று சொல். ஸ்காட்லாந்து வடிசாலைக்குள் யாரும் டிக்கெட் வாங்கிப் போகலாம். டாஸ்மாக்குக்குச் சரக்குக் கொடுக்கும் விரல்விட்டு எண்ணக்கூடிய கம்பெனிகளின் வாசலைக் கரும்பு வெட்டுகிறவர்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும் ஒருநாளாவது தாண்டிப் போய், என்ன கலக்கிறார்கள், என்ன விலைக்கு அரசு வாங்குகிறது, யார் கையெழுத்துப் போடுகிறார்கள் என்று பார்க்கட்டும். கடையை வைப்பதா மூடுவதா என்ற முடிவை அவர்களோடு உட்கார்ந்து பேசலாம்.