விரிந்த மேஜர் கார்டுகள்: ஏழு சுரம், ஐந்து விரல்

யாங்கோனில் எங்கள் வீட்டில் ஒரு பழைய பியானோ இருந்தது. புறப்பட்ட நாளில் அதைக் கொண்டுவர வழியில்லை. இப்போது பிள்ளைகள் படிப்பது 49 கட்டைகள் உள்ள சிறிய கீபோர்டில். பாடத்தில் ‘சி மேஜர் 13’ என்று வந்ததும் மலைத்துப் போனார்கள். கணக்கு எழுதிப் பழகியவர்கள் நாங்கள், எண்ணிப் பார்த்தோம்.

கார்டு என்பது சேர்ந்தொலிக்கும் சுரங்களின் கூட்டு. சி கட்டையை ச என்று கொண்டால் வெள்ளைக் கட்டைகள் ஏழும் நமது சங்கராபரணம்தான். அதில் ஒன்று விட்டு ஒன்று எடுங்கள். ச, க, ப சேர்ந்தால் சாதாரண மேஜர். நி சேர்ந்தால் மேஜர் 7. எட்டாவது மீண்டும் ச என்பதால், மேல் ரி 9, மேல் ம 11, மேல் த 13 ஆகின்றன. கறுப்பையும் வெள்ளையையும் சேர்த்து எண்ணினால் சி, ஈ, ஜி, பி, டி இவற்றின் இடைவெளி 4, 3, 4, 3. எந்தக் கட்டையில் தொடங்கினாலும் மேஜர் 9க்கு இந்த எண்ணிக்கை மாறாது.

பெயரில் கவனம் வேண்டும். ‘மேஜர்’ என்ற சொல் இல்லாமல் ‘சி 9’ என்று மட்டும் இருந்தால் பிக்குப் பதில் அதற்கு முந்தைய கறுப்புக் கட்டை. ஒலியே வேறாகிவிடும்.

இடைஞ்சல் செய்வது 11தான். எஃப், கீழேயுள்ள ஈயோடு உரசும். அதனால் பெரும்பாலும் அதை விட்டுவிடுவார்கள், அல்லது அரைச்சுரம் ஏற்றி எஃப் ஷார்ப் வாசிப்பார்கள். அது நமக்குப் பழகிய பிரதி மத்யமம், சங்கராபரணம் கல்யாணியாகிறது.

எல்லாச் சுரங்களையும் அழுத்தத் தேவையில்லை. முதலில் விடக்கூடியது ஜி. மேஜர் 9க்கு இடது கையில் சி மட்டும், வலது கையில் ஈ, ஜி, பி, டி. (அந்த நான்கும் தனியே ஈ மைனர் 7.) மேஜர் 13க்கு இடது கையில் சி, பி, வலது கையில் ஈ, ஏ, டி. ஐந்தே விரல்கள். கீழ்ப்பகுதியில் சுரங்களை நெருக்கி வைத்தால் குழம்பும், ஆகவே இடது கை அகன்றே இருக்கட்டும்.

பர்மியர்கள் பியானோவைச் சந்தயா என்பார்கள். 19ஆம் நூற்றாண்டில் மண்டலே அரண்மனைக்கு வந்த வாத்தியம் அது. மரபு முறையில் கார்டுகளை அடுக்குவதில்லை. வட்டமாக நிறுத்திய பறைகளை நடுவில் அமர்ந்து வாசிப்பது போல, இரு கைகளும் மாறி மாறி ஒரே மெட்டைப் பின்னும். ஊ யீ ந்வேயின் வாசிப்பைக் கேட்டால் இது விளங்கும்.

யாங்கோனில் அடுத்த வீட்டிலிருந்து கேட்ட அப்படியொரு மெட்டின் அடியில் பிள்ளைகள் மேஜர் 9 வைத்துப் பார்த்தார்கள். இனிமையாகத்தான் இருந்தது, ஆனால் ஏதோ ஹோட்டல் வரவேற்பறைப் பாட்டுப் போல. கார்டை எடுத்துவிட்டு இரு கைகளாலும் மெட்டை மட்டும் வாசிக்கச் சொன்னோம். சமையலறையில் இருந்த பாட்டி கரண்டியோடு வந்து நின்றார்.