டாக்டர் கோ கெங் சுவீ எதை ஆராய்ந்தார்?

“டாக்டர் கோ லண்டனில் பொருளியல் படித்தவர்.” மாணவர்கள் பலர் இந்த ஒரு வரியோடு ஜூரோங்குக்குத் தாவிவிடுகிறார்கள். என்ன படித்தார்னு கேட்டால் பதில் வராது.

மலாக்காவில் 1918இல் பிறந்தவர் அவர். ராஃபிள்ஸ் கல்லூரியில் படித்து, போருக்குப் பின் லண்டன் பொருளியல் பள்ளிக்குப் போனார். அங்கே 1956இல் முனைவர் பட்டம். ஆசிய, ஆப்பிரிக்க ஏழை நாடுகளின் தேசிய வருமானத்தை எப்படிக் கணக்கிடுவது என்பதே அவருடைய ஆய்வு.

கேட்க எளிதுதான். ஆனால் ஒரு விவசாயி, விளைந்த நெல்லை விற்காமல் வீட்டிலேயே சமைத்துச் சாப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரசீது கிடையாது, சம்பளமும் கிடையாது. அந்த உழைப்பை விட்டுவிட்டால், நாடு உள்ளதைவிட ஏழையாகத் தெரியும். சேர்த்தால், எந்த விலையில் சேர்ப்பது? வகுப்பில் இதையே கேட்டுப் பாருங்கள், நல்ல விவாதம் நடக்கும்.

இது வெறும் ஏட்டுப் படிப்பும் இல்லை. பட்டம் வாங்குவதற்கு முன்பே, சமூகநல இலாகாவில் வேலை பார்த்தபோது, சிங்கப்பூர்க் குடும்பங்களின் வருமானத்தையும் குடியிருப்பையும் பற்றிய கணக்கெடுப்பை நடத்தியிருந்தார். அது நூலாக வந்ததும் 1956இல்தான். மூன்றே ஆண்டுகளில், 1959இல், அவர் நிதி அமைச்சர்.