மீன் தொட்டிக்கும் ஒரு சம்ப்

நம் குடியிருப்பில் சில வீடுகளில் கடல்மீன் தொட்டி வந்துவிட்டது. அதன் கீழே, அலமாரிக்குள் மறைந்திருக்கும் இரண்டாவது தொட்டிக்கும் 'சம்ப்' என்றுதான் பெயர். அதன் வரலாறு பழையது.

1850-இல் லண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன், மீன், நீர்ச்செடி, நத்தை மூன்றும் சேர்ந்தால் தண்ணீர் மாற்றாமலே தொட்டி நிலைக்கும் என்று காட்டினார். வரவும் செலவும் நேராகும் கணக்கு! ஆனால் சிறு தொட்டியில் ஒரு மீன் செத்தாலும் கணக்கு உதைக்கும். கையிருப்பு வேண்டும் என்றார் வில்லியம் ஆல்ஃபோர்ட் லாயிட். 1871-இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸ் காட்சியகத்தில், தொட்டிகளுக்கு அடியில் அவற்றைவிடப் பெரிய இருட்டுத் தேக்கம் கட்டி, நீராவி இயந்திரத்தால் கடல்நீரை இடைவிடாமல் சுற்றவிட்டார். இன்றைய சம்ப்புக்கு அதுவே முன்னோடி.

1980-களில் அமெரிக்காவின் ஸ்மித்சோனியனில் வால்டர் ஏடி, பாசியைத் தனியே விளக்கொளியில் வளர்த்து, நீரிலுள்ள கழிவுச் சத்தை உறிஞ்ச வைத்தார். 'ரெஃப்யூஜியம்' என்ற அறையும் இதே வேலையைச் செய்கிறது. கூடவே, மீன் வாய்க்குத் தப்பி நுண்ணுயிர்கள் பெருக அது அடைக்கலம் தருகிறது.

லாயிட் காலத்தில் கீழ் வீடு கிடையாது, நமக்கு உண்டு. கரன்ட் போனால் மேல்தொட்டி நீர் சிறிது கீழே இறங்கும். 4 அடி நீளம், 1½ அடி அகலத் தொட்டியில் ஓர் அங்குலம் இறங்கினாலே சுமார் 14 லிட்டர். அது சம்ப்பில் அடங்காவிட்டால் கீழ் வீட்டுக் கூரையில் கசியும். எனவே சம்ப்பில் காலியிடம் விடுங்கள். மீன் விடுமுன் பம்ப்பை ஒருமுறை நிறுத்திப் பாருங்கள்.