குனிந்து பார்க்கிற கண்

1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கப் போனது கல்கத்தாவுக்கு. பின்னாளில் எங்கள் சிவகாசியில் ஓடிய அம்பாசடரும் அந்தப் பக்கத்து உத்தர்பாராவில் பிறந்ததுதான். மோரிஸ் ஆக்ஸ்போர்டின் வாரிசு: பின்னால் பட்டை ஸ்பிரிங், முன்னால் கிங்பின், கிரீஸ் நிப்பிள்கள்.

2014இல் உற்பத்தி நின்றது. பழைய வண்டிக்குப் பழைய கிரீஸ்தான் வேணும்னு சிலர் இன்னும் அலையுறாங்க. தேவையில்லை. கால்சியம் கிரீஸ் தண்ணீரைத் தாங்கும், சூட்டில் இளகிவிடும். 1940களில் வந்த லித்தியம் கிரீஸ் இரண்டையும் தாங்கும். எந்தக் கடையிலும் கிடைக்கும்.

பழைய கறுப்புக் கிரீஸ் பிதுங்கி வரும்வரை அடிக்கணும். உள்ளே போன புழுதி அதோடுதான் வெளியேறும். விரிசல் விட்ட பட்டை கண்ணில் படுவதும் அப்போதுதான்.

புதிய கார்களின் மூட்டுகள் மூடியே வருகின்றன. நாம் தொலைத்தது கிரீஸை அல்ல, அவ்வப்போது குனிந்து பார்க்கிற பழக்கத்தை என்றே எனக்குத் தோன்றுகிறது.