பதினெட்டு அடிக் கணிப்பொறி

கோலாலம்பூர் புக்கிட் பிந்தாங் வட்டாரத்திலுள்ள லோ யாட் பிளாசாவின் கடைகளில், கணிப்பொறியின் உறுப்புகளைத் தனித்தனியே தேர்ந்து வாங்கித் தம் தேவைக்கேற்பப் பூட்டிக்கொள்ளும் வழக்கம் நம் இளைஞரிடையே பரவியிருப்பதை நேயர்கள் அறிவர். அசைபடம் ஆக்குவோரும் கட்டட வரைபடம் தீட்டுவோரும் முழங்காலுக்கு மேல் உயர்ந்த பெரும் பெட்டிகளைச் சுமந்து செல்வதைக் காணலாம். அத்துடன் நில்லாது, இரண்டு ஆண்டுகளில் அதே பெட்டியைத் திறந்து அதன் நினைவகத்தைப் பெருக்குகின்றனர். ஆயத்தமான பொறி கடையில் இருக்க இத்தனை தொல்லை எதற்கு என்று பெற்றோர் வினவுவது இயல்பே. இதே வினா ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்கு முன் பம்பாயில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் முன் எழுந்தது. அதற்கு அங்கே கிடைத்த விடை பதினெட்டு அடி நீளமுடையது.

டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையம் 1945இல் அணு விஞ்ஞானி ஹோமி பாபா அவர்களால் தொடங்கப்பெற்றது. அணு ஆராய்ச்சிக்கு மலைபோன்ற கணக்குகள் தேவைப்பட்டன. அக்காலத்தில் இந்தியத் துணைக்கண்டத்தில் மின்னணுக் கணிப்பொறி ஒன்றேனும் இல்லை. கல்கத்தாவில் மகலனோபிஸ் தலைமையில் இயங்கிய இந்தியப் புள்ளியியல் நிலையம் 1955இல் பிரிட்டனிலிருந்து ஹெச்.ஈ.சி.-2எம் என்னும் பொறியை விலைக்கு வாங்கி நிறுவியது. வாங்குவது எளிய வழி. தவறான வழியென்றும் சொல்வதற்கில்லை. பம்பாய் நிலையத்தாரோ தாமே ஒன்றைக் கட்டுவதென்று துணிந்தனர்.

இத்துணிவுக்குச் செயல்வடிவம் தந்தவர் டாக்டர் ரங்கசாமி நரசிம்மன். 1926இல் சென்னையில் பிறந்து, கிண்டி பொறியியற் கல்லூரியில் தொலைத்தொடர்புத் துறை பயின்று, அமெரிக்கா சென்று கலிபோர்னியாவில் மின்பொறியியலும் இந்தியானா பல்கலைக்கழகத்தில் கணிதமும் கற்றுத் தேர்ந்து, 1954இல் பம்பாய் நிலையத்தில் சேர்ந்தவர். உடன் பணியாற்றியவர் பெரும்பாலும் கல்லூரியைவிட்டு அண்மையில் வெளிவந்த இளைஞர். தொடக்கத்தில் ஆறு பேர். நரசிம்மன் நீங்கலாக அவர்களுள் எவரும் அதற்குமுன் கணிப்பொறி ஒன்றைப் பயன்படுத்தியதே இல்லை. கப்பலைக் காணாதவரைக் கொண்டு கப்பல் கட்டுவது போன்ற முயற்சி அது.

நரசிம்மன் எடுத்த முதல் முடிவே அவர்தம் மதிநுட்பத்திற்குச் சான்று. பெரும்பொறியை உடனே தொடங்காமல், சிறிய முன்னோட்டப் பொறி ஒன்றைக் கட்டச் செய்தார். 1956இல் அது இயங்கலாயிற்று. கைகள் பழகின, பிழைகள் சிறிய அளவிலேயே வெளிப்பட்டன. அதன் பின்னரே முழுப் பொறியின் வேலை 1957இல் தொடங்கி, 1960 பிப்ரவரியில் அது முறைப்படி பயனுக்கு வந்தது. 1962 ஜனவரியில் கொலாபாவிலுள்ள நிலையத்தின் புதிய கட்டடங்களைத் திறந்துவைக்க வந்த பிரதமர் நேரு, அதற்கு 'டிஃப்ராக்' எனப் பெயர் சூட்டினார். நிலையத்தின் ஆங்கிலப் பெயரோடு 'தானியங்கிக் கணக்கீட்டுப் பொறி' என்பதன் முதலெழுத்துகளையும் சேர்த்து ஆக்கிய பெயர் அது.

பொறியின் தோற்றத்தைச் சற்று விரித்துரைத்தல் தகும். பதினெட்டு அடி நீளம், இரண்டரை அடி அகலம், எட்டு அடி உயரமுள்ள எஃகுச் சட்டகத்தினுள் அது அடங்கியிருந்தது. தோட்டத்து லயத்து வீட்டின் சுவர் ஒன்றை முழுதும் மறைக்கும் அளவு அது. சட்டகம் ஒரே வார்ப்பாகச் செய்யப்படாமல், பகுதி பகுதியாகச் செய்து இணைக்கப்பெற்றது. ஒவ்வொரு பகுதிக்கும் முன்னும் பின்னும் எஃகுக் கதவுகள். உள்ளே 2,700 வெற்றிடக் குழல்கள், 1,700 ஜெர்மேனியம் டயோடுகள், 12,500 மின்தடைகள். வெற்றிடக் குழல் என்பது வேறொன்றுமன்று. பழைய வானொலிப் பெட்டியில் செந்தணலாய் மின்னிய 'வால்வு' தான். வானொலியில் ஐந்தாறு வால்வுகள் இருந்தாலே பெட்டியின் மேற்புறம் சுடுவதை மூத்த தலைமுறையினர் அறிவர். இரண்டாயிரத்து எழுநூறு வால்வுகள் ஓரிடத்தில் எரிந்தால் எழும் வெம்மையை எண்ணிப் பார்க்கலாம். வால்வு அடிக்கடி பழுதாகும் பண்டம். ஆதலின் அக்கதவுகளுக்கு ஓயாத வேலை இருந்திருக்கும்.

வியப்பிற்குரியது அதன் நினைவகம். பெரைட் என்னும் காந்தப் பொருளாலான மிகச் சிறு வளையங்களைக் கம்பிகளில் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்து, சல்லடைபோல் அமைத்தனர். ஒரு வளையம் ஒரு திசையில் காந்தமேறினால் 1. மறு திசையில் ஏறினால் 0. ஆயிரக்கணக்கான வளையங்களுள் வேண்டிய ஒன்றை மட்டும் தொடுவது எப்படி? இரப்பர்த் தோட்டத்தைக் கண்ணால் கண்டவர்க்கு இது எளிதில் விளங்கும். நீள்நிரை ஒன்றையும் குறுக்குநிரை ஒன்றையும் குறிப்பிட்டால், அவை சந்திக்கும் இடத்திலுள்ள மரம் ஒன்றே ஒன்று. அதுபோல, நெடுங்கம்பியில் பாதி மின்னோட்டமும் குறுக்குக் கம்பியில் பாதி மின்னோட்டமும் செலுத்தினால், இரண்டும் கூடும் வளையம் மட்டுமே திசை மாறும்; பாதி மட்டும் பெற்ற மற்றவை அசையாது கிடக்கும். இதில் ஒரு சங்கடமும் உண்டு. வளையத்தில் உள்ளதைப் படிக்கும்போதே அது அழிந்துபோகும். ஆகையால் படித்தவுடன் அதை மீண்டும் எழுதிவைக்கவும் பொறிக்குக் கற்பிக்க வேண்டியிருந்தது.

முதலில் இந்நினைவகம் 1,024 சொற்களைக் கொண்டது. ஈண்டுச் 'சொல்' என்பது 40 இரும இலக்கங்களின் தொகுதி. பின்னர் அதனை 2,048 சொற்களாகப் பெருக்கினர். கணக்கிட்டால் 81,920 வளையங்கள். இன்றைய வழக்கில் 10,240 பைட்டுகள். இன்று 64 கிகாபைட் நினைவகம் பூட்டுவோர் டிஃப்ராக்கைப்போல் 67 இலட்சம் மடங்கு பெற்றுச் செல்கின்றனர். இவ்வேறுபாட்டைக் கண்டு நகைத்தல் எளிது. ஆனால் நினைவகத்தை இரட்டிப்பாக்க இன்றைய இளைஞர் ஒரு பலகையை அழுத்திச் செருகுகிறார்; அன்று அவர்கள் அதன் உள்ளமைப்பையும் இணைப்புகளையும் அறிந்திருந்தால்தான் அதைச் செய்ய முடிந்தது. துளைநாடா வழியே கட்டளைகளை உட்செலுத்தியதோடு, விடைகளை வளைகோடுகளாகவும் எழுத்துகளாகவும் காட்டும் கதிர்க்குழல் திரை ஒன்றையும் அவர்கள் சேர்த்தனர். கணிப்பொறி என்றாலே காகிதத்தில் எண்களை அச்சிடும் பொறி என்றிருந்த காலத்தில் அது பெரிய செயல்.

டிஃப்ராக் பயனுக்கு வந்த வேளையில் வால்வின் காலம் முடிந்துகொண்டிருந்தது. ஐ.பி.எம். நிறுவனம் டிரான்சிஸ்டரால் இயங்கும் தன் 1401 பொறியை 1959இலேயே அறிவித்துவிட்டது. 1964இல் அமெரிக்க அரசின் உதவியாக சி.டி.சி. 3600 என்னும் பொறி பம்பாய் நிலையத்திற்கு வந்து சேர்ந்தது. ஆற்றலில் அதற்கு டிஃப்ராக் எவ்வகையிலும் இணையன்று. ஐந்தாண்டுக்கு மேல் உழைத்துக் கட்டிய பொறி, கட்டிய காலம் அளவுக்குக்கூட முழுமையாக ஆளப்படவில்லை. எனின், அம்முயற்சி வீண்தானோ? தொடக்கத்திலேயே வாங்கியிருந்தால் காலமும் பொருளும் மிஞ்சியிருக்குமன்றோ? இவ்வாறு கேட்போரின் கணக்கில் தவறில்லை; பொறியை மட்டும் வரவில் வைத்தால் அது நட்டமே.

அக்கணக்கில் ஏறாத வரவு ஒன்று உண்டு. 1960களில் வெளிநாட்டு நிறுவனங்கள் பெரும்பாலும் தம் பொறிகளை வாடகைக்கே தந்தன. பழுது பார்ப்பவரும் அந்நிறுவனத்தாரே. இந்தியாவிலும் ஐ.பி.எம். அவ்வாறே கோலோச்சியது. அந்நியச் செலாவணிச் சட்டம் 1973இல் வந்தபின், பங்குகளில் பெரும்பகுதியை இந்தியருக்கு விட்டுக்கொடுக்க மறுத்து, அந்நிறுவனம் 1978இல் நாட்டைவிட்டே வெளியேறியது. நாடெங்கும் அதன் பொறிகள் அலுவலகங்களில் நின்றன. அவற்றின் கதவைத் திறந்து பார்க்கும் துணிவு யாருக்கு இருந்தது? அதற்கென 1975இல் அமைந்த கணிப்பொறிப் பராமரிப்புக் கழகம் அப்பொறுப்பை ஏற்று, பொறிகள் ஓய்ந்துபோகாமல் காத்தது. அக்கழகத்தின் முதல் தலைவர், டிஃப்ராக்கின் எஃகுக் கதவுகளுக்குப் பின்னே பயின்ற அதே நரசிம்மன் அவர்களே. இந்தியக் கணிப்பொறிச் சங்கத்தின் முதல் தலைவரும் அவர்தாம்.

நம் நாட்டின் வரலாறு வேறு வழியில் சென்றது. டிஃப்ராக் கட்டப்பட்ட ஆண்டுகளில் கிள்ளான் பள்ளத்தாக்குத் தோட்டங்களில் கிராணிமார் செக்ரோல் புத்தகத்தில் கூலிக் கணக்கைக் கையாலேயே கூட்டிக்கொண்டிருந்தனர். மலேசியாவின் முதல் கணிப்பொறியை 1966இல் தேசிய மின்சார வாரியம் நிறுவியது. அதன் வழிவந்த தெனாகா நேஷனல் நிறுவனத்தின் தலைமையகம் பங்சார் வட்டாரத்தில் உள்ளது. அப்பொறி கட்டப்பட்டதன்று, வெளிநாட்டிலிருந்து பெறப்பட்டது. நுண்மின்னணுப் பொறிகளை நாமே ஆராய்ந்து வடிவமைக்க வேண்டும் என்னும் நோக்குடன் அரசு மீமோஸ் நிலையத்தைத் தொடங்கியது 1985இல்தான். அந்நிலையம் இன்று இயங்கும் புக்கிட் ஜாலில், தொழில்நுட்பப் பூங்கா அங்கே எழுவதற்கு முன்பே, ஒரு தோட்டத்தின் பெயராக நம் மக்களின் நாவில் வழங்கி வந்தது.