'எல்லோரும்' என்றால் எல்லோருமா?



'ரிலேடிவ் கிளாஸ்' நடத்தும்போது, "இது நம்ம பெயரெச்சம் மாதிரிதான்; ஆனால் பெயருக்குப் பின்னால் வந்து ஒட்டிக்கொள்ளும்" என்பேனே, நினைவிருக்கிறதா? 'இங்கே பிறந்த எல்லோரும்' என்று நாம் நிபந்தனையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஆங்கிலத்தில் 'ஆல்' முந்திக்கொள்ளும். யார் யார் என்பது பிறகுதான் தெரியும்.

1868இல் அமெரிக்க அரசியல் சட்டத்தில் சேர்ந்த 14ஆவது திருத்தம் 'ஆல் பெர்சன்ஸ்' என்றுதான் தொடங்குகிறது. அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்களின் குடியுரிமையை உறுதிசெய்ய வந்தது அது. ஆனால் 'ஆல்' என்பதற்குப் பின்னால் இரண்டு நிபந்தனைகள்: அந்நாட்டில் பிறந்த அல்லது முறைப்படி குடியுரிமை பெற்ற, அதன் அதிகாரத்துக்கு உட்பட்ட.

ஜான் எல்க் ஒரு பூர்வகுடி. தம் இனக்குழுவை விட்டு வந்து ஒமாஹா நகரில் வாழ்ந்தவர். 1880இல் வாக்காளராகப் பதியப் போனார், மறுத்துவிட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்த மண்ணில் பிறந்தவர்தான், ஆனால் பழங்குடி இனக்குழுவில் பிறந்ததால் பிறக்கும்போது முழுமையாக 'உட்பட்டவர்' அல்ல என்று 1884இல் தீர்ப்பு. மண்ணின் மைந்தருக்கே இந்தக் கதி! நீதிபதிகளில் இருவர் மட்டும் உடன்படவில்லை.

சான் பிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்த வோங் கிம் ஆர்க்கை, 1898இல் அதே நீதிமன்றம் அதே வாக்கியத்தை வைத்தே குடிமகன் என்றது.

அமெரிக்காவில் பிறந்த பூர்வகுடிகள் அனைவரையும் குடிமக்களாக்க 1924இல் தனியே ஒரு சட்டம் போட வேண்டியிருந்தது. அதன் பிறகும் சில மாநிலங்கள் அவர்களுக்கு ஓட்டுரிமை தராமல் பல ஆண்டுகள் இழுத்தடித்தன.