கற்பிட்டி மதிலும் கண்டியின் உப்பும்

கோட்டை மதில் என்றதும் பகைவரைத் தடுக்கும் அரணே நம் நினைவுக்கு வருகின்றது. எமது குறிஞ்சிப்பிட்டியைத் தன்னகத்தே கொண்ட குடாநாட்டில், கற்பிட்டியில் நிற்கும் ஒல்லாந்தர் மதிலோ படையைத் தடுத்ததிலும் பண்டத்தைத் தடுத்ததே மிகுதி எனலாம்.

குடாநாட்டுக்கும் பெருநிலத்துக்கும் இடையே புத்தளம் களப்பு கிடக்கின்றது. அது கடலோடு கலக்கும் வடபுற வாயிலை அடுத்தே கற்பிட்டி அமைந்துள்ளது. மலை சூழ்ந்த கண்டி இராச்சியத்தில் உப்பு விளைவதில்லை. கண்டியரின் பாக்கு வெளியே செல்லவும், இந்தியத் துணி உள்ளே வரவும், உப்பு மலையேறவும் புத்தளமே ஒரு முக்கிய வழி. வாயிலைப் பிடித்தவன் கையில் மலைநாட்டின் அடுப்பும் அகப்பட்டுவிடும் அல்லவா?

போர்த்துக்கேயரை விரட்டுவதற்காக 1638இல் இரண்டாம் இராசசிங்கன் ஒல்லாந்தரோடு உடன்படிக்கை செய்தான். 1658இல் போர்த்துக்கேயர் இலங்கையை விட்டு முற்றாக நீங்கினர். கோட்டைகளோ மன்னன் கைக்கு வரவில்லை. இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கிய கதை என்று சிங்கள மக்கள் கூறும் பழமொழி இதனையே சுட்டுவது. மன்னனோடு முரண்பாடு முற்றிய அக்காலத்திலேதான், 1667 முதல் 1676 வரை, ஒல்லாந்தக் கும்பனி கற்பிட்டிக் கோட்டையை எழுப்பியது.

நான்கு மூலைகளிலும் கொத்தளங்கள். முருகைக்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய தடித்த சுவர்கள். செங்கல்லாலான வாயில் முகப்பு. காண்போர் ஒல்லாந்தரின் திறனை வியக்கின்றனர். ஆனால் கடலிலிருந்து கல்லை எடுத்தவர் யார்? சுண்ணாம்பு சுட்டவர் யார்? 'ஊழியம்' என்ற பெயரில் சோனகரிடமும் செட்டிகளிடமும் கட்டாய வேலை வாங்கிய ஆட்சி அது. தளபதிகளின் பெயரைப் போற்றும் வரலாறு, சுமந்த தோள்களின் பெயரைக் குறித்து வைக்கவில்லை.

1766இல், போரில் நலிந்த கண்டி மன்னனிடமிருந்து கரையோரம் முழுவதையும் கும்பனி எழுதி வாங்கிக்கொண்டது. அதே உடன்படிக்கையில், சிலாபம், புத்தளம் பகுதிகளில் உப்பெடுக்கக் கண்டியருக்கு அனுமதியும் வழங்கியது! சொந்த நாட்டு மக்கள் சொந்த நாட்டு உப்பை அள்ளுவது அந்நியனின் சலுகையாயிற்று. கொள்ளையில் ஒரு பிடியைத் திருப்பிக் கொடுப்பதைக் கொடையென்று நாம் கொள்ளலாமா?

1795இல் கோட்டை பிரித்தானியர் வசமாயிற்று. 1815இல் கண்டியும் வீழ்ந்தது. தடுப்பதற்குத் தனி இராச்சியம் இல்லாது போனமையால் மதிலின் பயன் குன்றிற்று; அதை எழுப்பிய எண்ணமோ குன்றவில்லை. பிரித்தானியர் உப்பை அரசின் தனியுரிமையாக்கி, ஏழையின் கஞ்சியிலிருந்தும் வருவாய் தேடினர். சோறின்றி ஒருவேளை கிடப்பவனுக்கும் கஞ்சிக்கு உப்பு வேண்டுமே!

இன்று கோட்டை கடற்படையினரின் பொறுப்பில் இருக்கின்றது. மதிலின் நீளத்தையும் ஆண்டுகளையும் மாணவருக்கு மனனம் செய்விப்பதோடு நமது கடமை முடிந்துவிடாது. அது யாரைக் காத்தது, யாருடைய உணவை மறித்தது என்று கேட்கவும் அவர்களைப் பழக்குவோம். உப்பளத்து வெயிலில் இன்றும் உழைப்போரின் பிள்ளைகள், அக்கேள்வியில் தம் முன்னோரின் வரலாற்றைக் கண்டுகொள்வர்.